ஓவியம் திரும்பி வந்தால் என்ன?

கண்காட்சிக்கு அனுப்பிய ஓவியம் தேர்வாகாமல் திரும்பி வந்தால், அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இனி எதற்கும் அனுப்புவதில்லை என்று முடிவெடுக்கும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. "போதும், இனி பாடத்தைக் கவனி" என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். சித்தியவான் போன்ற ஊர்களில் ஆதரவு சொல்ல இன்னோர் ஓவியர் பக்கத்தில் இருப்பதும் அரிது. ஒரே மறுப்போடு ஒரு பிள்ளையின் கலை ஆர்வம் முடிந்துபோகிறது.

இந்த மாணவர்கள் அம்ரிதா ஷெர்கிலின் கதையை அறிந்துகொள்ள வேண்டும். பாரிசில் ஓவியம் பயின்ற அவர், 1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்' ஓவியத்துக்காக மறு ஆண்டு அங்கே தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். இந்தியா திரும்பி, 1935இல் சிம்லா கலைச் சங்கத்தின் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்களை அனுப்பினார். ஐந்தை நடுவர்கள் நிராகரித்தனர். ஏற்றுக்கொண்டவற்றுள் ஒன்றுக்குப் பரிசும் கொடுத்தனர். அம்ரிதா அந்தப் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால், கண்காட்சிகளுக்கு ஓவியம் அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை. 1937இல் பம்பாய்க் கலைச் சங்கம் அவருடைய 'மூன்று பெண்கள்' ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அதே காலத்தில் கன்னியாகுமரிவரை பயணம் செய்து, தென்னாட்டு எளிய மக்களைப் புகழ்பெற்ற ஓவியங்களாக்கினார். 28 வயதில் மறைந்த அவருடைய படைப்புகளை, 1976இல் இந்திய அரசு தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது.

சிம்லா நடுவர்கள் ஒருவிதமாகவும் பம்பாய் நடுவர்கள் வேறுவிதமாகவும் பார்த்தனர். நடுவர் குழு என்பது சில மனிதர்களின் பார்வை. சுவரில் இருக்கும் இடம், மற்ற படைப்புகளோடு பொருந்துவது, அளவு, ஊடகம் என எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. அடுத்த ஆண்டு நடுவர்களே மாறலாம். ஆகவே, மறுப்பு அந்த ஒரு கண்காட்சிக்கான பதில் மட்டுமே.

அதற்காக எல்லா மறுப்புக்கும் நடுவர்களையே குறைசொல்வதும் சரியன்று. விதிமுறையைச் சரியாகப் படித்தோமா? புகைப்படம் தெளிவாக இருந்ததா? தேர்வான ஓவியங்களை நேரில் போய்ப் பார்த்தோமா? இந்தக் கேள்விகளுக்கு மாணவர் நேர்மையாகப் பதில் தேட வேண்டும். தேர்வாகாத ஆண்டில் கண்காட்சியைப் போய்ப் பார்ப்பவர்தான் அடுத்த ஆண்டுக்கு ஆயத்தமாகிறார்.

நம் நாட்டிலும் வாய்ப்புகள் உண்டு. தேசியக் கலைக்கூடம் இளம் கலைஞர்களுக்காக நடத்தும் 'பாக்காட் மூடா செசாமான்' 1974இல் தொடங்கப்பட்டது. எஸ்.பி.எம். தேர்வில் காட்சிக்கலைக் கல்வியை ஒரு பாடமாக எடுக்கலாம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்திலும், நம் பேராவிலேயே தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் கலை பயில வழியுண்டு.

ஆயினும் ஒன்றை மறக்கக்கூடாது. அம்ரிதாவுக்கு வசதியான குடும்பமும் பாரிஸ் படிப்பும் துணையாக இருந்தன. பரிசைத் திருப்பி அனுப்பும் துணிவுக்கு அவையும் காரணம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஓவியத்துக்குச் சட்டம் போடும் செலவே பெரிய சுமை. தலைநகருக்கு அதை ஏற்றி அனுப்புவது அடுத்த சுமை. விளையாட்டுப் போட்டிக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும், ஆண்டுக்கு ஓரிரு ஓவியங்களுக்கு இந்தச் செலவை ஏற்கலாமே. திரும்பி வந்த ஓவியங்களைப் பள்ளி மண்டபத்தில் ஒரு நாள் மாட்டி வைத்தால், ஊரே பார்க்குமே.

மாணவர்களே, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓவியத்தை வெளியே எடுங்கள். தூசியைத் தட்டிவிட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள்.