குழந்தைக்கு எந்த நம்பர் தெரியும்?

பள்ளிக்கூடம் திறந்தாலும் திறந்தது, ரேஷன் கடை வரிசையிலும் கோயில் பிராகாரத்திலும் ஒரே பேச்சுதான். "எட்டாவது போறா. டியூஷன் முடிஞ்சு வர ஏழரை ஆகுது. ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்துடலாமா, சொல்லுங்கக்கா?" கேட்டவர்களிடமெல்லாம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "உங்க நம்பர் அவளுக்கு மனப்பாடமா தெரியுமா?" பாதிப் பேர் முழித்தார்கள்.

போனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, சகோதரிகளே. ஆபத்து சமயத்தில் நம் மாதிரிக் குடும்பங்களுக்கு அதைவிட நல்ல துணை ஏது? ஆனால் பத்தாயிரம் ரூபாய் போனை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று சொல்லித் தராமல் விட்டால் அது விளையாட்டுச் சாமான்தான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அடையாறு பெருகி எங்கள் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்கும். கரண்ட் போயிற்று. மறுநாளைக்குள் எல்லார் போனும் ஒவ்வொன்றாக அணைந்தன. படகில் ஏற்றிக் கொண்டுபோய் எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் விட்டார்கள். அங்கே உதவிக்கு வந்திருந்த பையன் ஒருவன் தன் போனை நீட்டி, "யாருக்காவது பேசணும்னா பேசுங்கம்மா" என்றான். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஆவலாக வாங்கினாள். அவள் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். வாங்கியவள் அப்படியே நின்றாள். பத்து நம்பரில் முதல் நாலுதான் ஞாபகம் வந்தது! மீதி செத்துப்போன போனுக்குள் இருக்கிறது. அப்போது அவள் மடியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏழு வயசுப் பெண் கடகடவென்று அப்பா நம்பரை ஒப்பித்தது. பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே எழுதியிருந்ததாம்.

அன்றிலிருந்து என் வீட்டில் இது ஒரு பழக்கம். தலை பின்னும்போது நம்பர் கேட்பேன். பத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் குழந்தைக்கு நிற்காது. மூன்று, மூன்று, நாலு என்று பிரித்து வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லவேண்டும். ரெண்டு நம்பர் போதும். ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று நம் வீட்டில் இல்லாத ஒருவருடையதாக இருக்கட்டும்: சித்தி, தாய்மாமா, யாரானாலும் சரி. நம் வீட்டுக்கே ஆபத்து என்றால் நம் போன் எடுக்காதே!

மனப்பாடம் எதற்கு என்றால், பல பள்ளிக்கூடங்களில் போன் கொண்டுவரவே விடுவதில்லை. அது நல்லதுதான் என்பது என் அபிப்பிராயம். அப்போது பிள்ளை பிறரிடம்தான் போன் கேட்டாகவேண்டும். யாரிடம் கேட்பது என்பதையும் சொல்லிவையுங்கள். குழந்தையோடு நிற்கும் அம்மா, மருந்துக் கடை, பஸ் கண்டக்டர், சீருடையில் இருக்கும் போலீஸ். தானாக வந்து "வா பாப்பா, என் போன்ல பேசு" என்று தனியே கூப்பிடுகிறவரிடம் போகவே கூடாது.

இனி, பூட்டிய போன் விஷயம். என் நாத்தனார் பையனுக்கு ஒன்பது வயசு. போன வருஷம் ஒரு மத்தியானம் அவனும் பாட்டியும் மட்டும் வீட்டில். என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார். வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். பையன் பாட்டி போனை எடுத்தான். பேரன்மார் கோடு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பாட்டியின் பென்ஷன் பணம் பத்திரமாக இருக்கட்டும் என்று. இவன் நாலு தடவை கோடு இழுத்துப் பார்த்தான், திறக்கவில்லை. பிறகு கீழே ஓடி இஸ்திரி போடுகிறவரைக் கூட்டிவந்தான். அவர்தான் 108-க்குப் பேசினார். வந்தவர்கள் குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்தார்.

(சர்க்கரை இப்படி இறங்கும்போது நினைவு இருந்து விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.)

அந்தப் பையனுக்குப் பூட்டைத் திறக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போன் பூட்டியிருந்தாலும், நம்பர் கேட்கும் அந்தத் திரையிலேயே 'எமர்ஜென்சி' என்றோ 'அவசர அழைப்பு' என்றோ இருக்கும். அதைத் தொட்டால் 112-க்குப் பேசலாம். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் சேர்த்து நாடு முழுவதற்குமான நம்பர் அது. இன்னொரு வசதியும் உண்டு. செட்டிங்ஸில் அவசரத் தகவல் என்ற பகுதியில் ரத்த வகை, சாப்பிடும் மருந்து, கூப்பிட வேண்டியவர் பெயர் எல்லாம் பதிந்து வைத்தால், பூட்டைத் திறக்காமலே யாரும் அதைப் பார்த்து அவரைக் கூப்பிடலாம். என் மாமியார் போனில் அன்று ராத்திரியே என் பெரியவள் பதிந்து கொடுத்தாள்.

2017-க்குப் பிறகு நம் நாட்டில் விற்கும் போன்களில் ஆபத்துப் பொத்தான் இருக்கவேண்டும் என்று அரசு விதி போட்டது. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்தவேண்டும். தொடுதிரை போனில் பக்கவாட்டுப் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தவேண்டும். எத்தனை தடவை என்பது போனுக்குப் போன் மாறுகிறது, மூன்று என்பார்கள், சிலதில் ஐந்து. உங்கள் போனில் எது என்று செட்டிங்ஸில் பார்த்துவையுங்கள். சும்மா அழுத்திப் பார்த்து அங்கே இருப்பவர்களை அலைக்கழிக்காதீர்கள்.

1098 என்பது பிள்ளைகளுக்கென்றே உள்ளது. 1996-ல் மும்பையில் தொடங்கியது. ராப்பகல் எப்போதும், காசில்லாமல் பேசலாம். வழி தவறிய பிள்ளை, அடிபடுகிற பிள்ளை, யாரோ தப்பாகத் தொட்டதை வீட்டில் சொல்லப் பயப்படுகிற பிள்ளை, யார் வேண்டுமானாலும் தானே கூப்பிடலாம். "வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கத்துக்கொடுக்கிறியா?" என்று எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டார். ஆமாம் பெரியம்மா, அதற்காகத்தான் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன்.

நம்பர் தெரிந்தால் பேசவும் தெரியவேண்டுமே! வீட்டில் ஒரு பொம்மை போனை வைத்து விளையாடிப் பாருங்கள். நான் ஆபரேட்டர், என் சின்னவன் கூப்பிடுகிறவன்.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"பாட்டி விழுந்துட்டாங்க."

"எங்கேப்பா?"

"எங்க வீட்ல."

"உங்க வீடு எங்கே?"

"பச்சை கேட்டு வீடு!"

சிரிப்பு வரும்தான். ஆனால் ஆம்புலன்ஸ் டிரைவருக்குப் பச்சை கேட்டைத் தெரியுமா? கதவு எண், தெரு, ஊர், பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ, இவ்வளவும் வாயில் வரும்வரை விளையாடினோம். முக்கியமாக, அவர்கள் சொல்லும்வரை போனை வைக்கக்கூடாது.

போனால் வரும் ஆபத்தும் உண்டு. "உங்க அம்மாவுக்கு அடிபட்டுடுச்சு, உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று யாரோ பேசினால் பிள்ளை பதறி ஓடிவிடும். அதற்கு வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்திருந்தது சுண்டைக்காய். அதைச் சொல்லாதவரோடு என் பிள்ளை போகமாட்டான், அது அவன் சொந்த மாமாவே ஆனாலும். (இங்கே எழுதிவிட்டேனே, இனி மாற்றியாகவேண்டும்.)

மழைக்காலத்துக்கு வேறு ஏற்பாடு தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததுமே எல்லாப் போனையும் பவர் பேங்கையும் முழுக்கச் சார்ஜ் போட்டுவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு போனை மட்டும் உபயோகித்து மற்றதை அணைத்துவையுங்கள். பேச லைன் கிடைக்காதபோதும் சிலசமயம் எஸ்.எம்.எஸ். போய்விடும். "நாங்க பத்திரம், மாடியில இருக்கோம்" என்று ரெண்டு வார்த்தை தட்டிவிட்டால் போதும். டவரே இல்லையென்றால் எங்கே கூடுவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். எங்களுக்கு அது மேட்டுத் தெருப் பள்ளிக்கூடம்.

கடைசியாக, ஒரு சீட்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அம்மா நம்பர், சித்தி நம்பர், ரத்த வகை, 112, 1098 எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டினால் மழையில் நனையாது. அதைப் புத்தகப் பையின் உள் ஜிப்புக்குள் வையுங்கள். பையின் வெளியே கொட்டை எழுத்தில் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள். தெரியாத ஆள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தெரிந்தவர் என்றுதானே குழந்தை நினைக்கும்!