தங்கப் பதக்கமும் சிறுமியின் முதுகெலும்பும்

1976-ம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், ருமேனியாவைச் சேர்ந்த நாதியா கொமனேச்சி என்ற 14 வயதுச் சிறுமி இரட்டைக் கம்பிகளில் சுழன்று இறங்கினாள். நடுவர்கள் பத்துக்குப் பத்து அளித்தனர். பத்து என்று காட்ட வசதியில்லாத பலகை 1.00 என்று காட்டியது. உலகமே வியந்தது.

அந்தச் சிறுமியின் வாழ்வை வைத்து, பிரெஞ்சு எழுத்தாளர் லோலா லஃபோன் 2014-ல் ஒரு நாவல் எழுதினார். 'ஒருபோதும் சிரிக்காத குட்டிக் கம்யூனிஸ்ட்' என்பது அதன் பெயரின் பொருள். கதை சொல்பவளும் நாதியாவும் பேசிக்கொள்வதாக வரும் பகுதிகள் ஆசிரியரின் கற்பனையே. கிழக்கைப் பற்றி மேற்கு நாட்டார் சொல்லும் சுலபமான கதையை அந்தக் கற்பனை நாதியா ஒப்புக்கொள்வதில்லை. பசியும் காயமும் கண்டிப்பும் நிறைந்த அவளது பயிற்சிக் கூடத்தை நாவல் மறைக்கவும் இல்லை.

முதலாளித்துவப் பத்திரிகைகளுக்கு இத்தகைய கதை என்றால் கொண்டாட்டம். 'பார்த்தீர்களா கம்யூனிஸ்டுகளின் கொடுமையை!' என்பார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம்: நாதியாவின் பயிற்சியாளர்களான கரோலி தம்பதிகள் 1981-ல் அமெரிக்காவுக்குப் போனார்களே, அங்கே என்ன நடந்தது?

டெக்சாஸில் இருந்த அவர்களுடைய பண்ணைதான் பின்னர் அமெரிக்க தேசிய அணியின் பயிற்சி முகாம். அங்கே பெற்றோருக்கு இடமில்லை. அணி வைத்தியர் லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளிடம் பாலியல் கொடுமை செய்தான். 2015-லேயே எப்.பி.ஐ. போலீசுக்குப் புகார் போயிற்று. அது தூங்கிற்று. 2016-ல் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்திய பிறகே அவன் சிக்கினான். 2018 ஜனவரியில், 150-க்கும் மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் எழுந்து நின்று தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். 40 முதல் 175 ஆண்டு வரை தண்டனை விழுந்தது. 2021-ல் சிமோன் பைல்ஸ் போன்ற உலகப் புகழ் பெற்ற வீராங்கனையே செனட் சபையின் முன் கண்ணீர் விட வேண்டியிருந்தது. இதுதான் 'சுதந்திர உலகம்' தன் பெண் குழந்தைகளைக் காத்த லட்சணம்!

ஆனால் எதிரியின் குற்றத்தைக் காட்டி நம் பக்கத்துக் குற்றத்தை மூடுவது தொழிலாளி வர்க்கத்தின் வழக்கமல்ல. சோவியத் யூனியனின் எலேனா முகினா 1978-ல் உலகச் சாம்பியன். உடைந்த கால் சரியாக ஆறுவதற்கு முன்பே அவளைப் பயிற்சிக்கு இழுத்தார்கள். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில நாட்களே இருந்தபோது, அபாயகரமான ஒரு குட்டிக்கரணத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. வயது 20. 2006-ல் இறக்கும்வரை கைகால் இயங்காமல் கிடந்தாள். சிவப்புக் கொடியின் கீழ் நடந்ததால் இது கொடுமை இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. மனிதனுக்காகவே சோஷலிசம், பதக்கத்துக்காக மனிதன் அல்ல.

இரண்டு இடத்திலும் நோய் ஒன்றே. பதக்கம் சர்க்காருக்குப் பெருமை, சங்கத்துக்கு விளம்பரப் பணம், பயிற்சியாளருக்குப் புகழ். அதற்கு மூலதனம் ஒரு குழந்தையின் எலும்பு. 'வலிக்கிறது' என்றால் சோம்பேறி, 'மாட்டேன்' என்றால் அணியில் இடமில்லை. முதலாளியின் சம்பளம் வாங்கிக்கொண்டு, காய்ச்சல்காரனையும் 'வேலைக்குத் தகுதி' என்று எழுதித்தரும் டாக்டரை மில் தொழிலாளிக்குத் தெரியும். நடவு வயலில் இடுப்பை நிமிர்த்தினால் ஏசும் கங்காணியை விவசாயக் கூலிப் பெண்ணுக்குத் தெரியும். அவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

14 வயது முடியாத குழந்தையை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது நமது 1948-ம் ஆண்டு பாக்டரிச் சட்டம். பல நாட்டுத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடியதன் பலன் இத்தகைய சட்டங்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் சீனியர் சர்வதேசப் போட்டிக்கு 1997 முதல் பெண்களுக்கு 16 வயது என்று விதி இருக்கிறது. ஆனால் ஆறு வயதுக் குழந்தையைப் பல மணி நேரம் பயிற்சியில் வாட்டுவதை அந்த விதி தடுப்பதில்லை.

விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பாளி வீட்டுக் குழந்தைகளும் ஓட வேண்டும், தாண்ட வேண்டும், வெல்ல வேண்டும். ஆனால் பயிற்சிக்கு நேர வரம்பு வேண்டும். பயிற்சியாளருக்கும் சங்கத்துக்கும் கட்டுப்படாத வைத்தியர் வேண்டும். தாய் தந்தையருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'முடியாது' என்று சொல்லும் உரிமையும், அதைச் சேர்ந்து சொல்ல ஒரு சங்கமும் வேண்டும்.

நாசரைச் சிறைக்கு அனுப்பியது யார்? எப்.பி.ஐ. அல்ல, சங்க நிர்வாகிகளும் அல்ல. தனித்தனியாக அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒன்றுசேர்ந்து வாய் திறந்தார்கள். சிறைக் கதவு மூடிற்று. மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் நாம் கற்ற பாடமும் அதுவே.