கடனுக்கு முன்னால் பட்டா

போர் முடிந்த நாட்டுக்கு உதவ வருபவர்கள் பலரும் கையோடு கொண்டு வருவது ஒரு தையல் மிஷினும் ஒரு வாரப் பயிற்சியும்தான். கணவனை இழந்த பெண்ணிடம் அதைக் கொடுத்து, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. முடிந்தது, பெண் தொழில்முனைவோர் தயார்! அதே தெருவில் இருபது பேருக்கு மிஷின் கொடுத்தால் யார் துணியை யார் தைப்பது என்று கேட்பாரில்லை.

ருவாண்டாவைப் பார்த்தால் முடிச்சு வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

1994 ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலையில் சுமார் நூறு நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள், பெரும்பாலும் துட்சிகள், கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய ஆண்களிலும் பலர் எல்லை தாண்டி ஓடினார்கள், பலர் சிறைக்குப் போனார்கள். எத்தனையோ வீடுகள் பெண்ணின் தலையில் விழுந்தன. உழுவதும் அவள், விற்பதும் அவள். ஆனால் வழக்கப்படி நிலம் மகனுக்குத்தான். கணவன் செத்தால் அவன் அண்ணன் தம்பிகள் வந்து நிலத்தைக் கேட்பார்கள். பழைய வணிகச் சட்டமோ, கணவன் சம்மதமில்லாமல் மனைவி வியாபாரம் செய்யக் கூடாது என்றது. சிறையில் இருப்பவனிடம் போய் சம்மதம் வாங்கி வர வேண்டுமாம்!

இந்த நிலையில் அவளுக்கு என்ன கடன் கிடைக்கும்? பெரிய தொகைக்கு வங்கி ஈடு கேட்கும். வங்கியைத் திட்டிப் பயனில்லை, அதன் தொழில் அப்படி. ஈடில்லாதவளுக்குக் கிடைப்பது சின்னக் கடன், அதிக வட்டி, வாரத் தவணை. அதை வைத்துத் தக்காளி விற்கலாம். தக்காளி மண்டி வைக்க முடியாது.

இதை மாற்றியது 1999-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம். மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது. பிறகு 2009 வாக்கில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் நாடு முழுக்க நிலத்தை எல்லை குறித்து ஒரு கோடி துண்டுகளுக்கு மேல் பதிவு செய்தார்கள். முறைப்படி மணமான தம்பதி என்றால் இருவர் பெயரும் பத்திரத்தில் ஏறியது.

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் பிடித்தது என்னவோ கூடைக் கதைதான். ஹூட்டு, துட்சி பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பின்னிய 'அகசேகே' கூடைகள் 2005 முதல் அமெரிக்காவின் மேசிஸ் கடைகளில் விற்றன. மனதைத் தொடும் விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் தூரதேசத்து வாடிக்கையாளரின் இரக்கத்தை நம்பிய தொழில், அவர் ரசனை மாறினால் என்ன ஆகும்? காலடியில் இருக்கும் நிலத்துக்கு அந்தப் பயமில்லை.

ருவாண்டாவிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அரசாங்கத்தில் பதியாமல், ஊர் வழக்கப்படி மட்டும் சேர்ந்து வாழும் ஏழைப் பெண்கள் ஏராளம். அவர்களைச் சட்டம் மனைவி என்றே பார்க்கவில்லை, அதனால் பத்திரத்தில் பெயருக்கும் உத்தரவாதமில்லை. பங்கு கேட்டால் உறவு அறுந்துவிடும் என்று அண்ணனிடம் வாய் திறக்காத தங்கைகள் அங்கும் இருக்கிறார்கள்.

தையல் மிஷின் வாங்கும் பணத்தில் பாதியையாவது இவர்களின் திருமணத்தைப் பதியவும், நில வழக்குக்கு வக்கீல் வைக்கவும் செலவழிக்கலாம். போட்டோ நன்றாக வராது, அவ்வளவுதான்.