ரவுட்டரில் திறந்த வாசல்

கிள்ளான் தாமான்களிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் வாசலுக்கு இரும்புக் கிரில் போட்டு, பூட்டு மாட்டி, அதுவும் போதாதென்று சிசிடிவி கேமராவும் பொருத்திக்கொள்ளும் குடும்பஸ்தர்கள், தீபாவளிக்கு ஈப்போ போன இடத்திலிருந்து வீட்டைக் கைப்பேசியில் பார்க்கும் சௌகரியத்துக்காகத் தங்கள் ரவுட்டரில் இன்னொரு வாசல் திறக்கப்பட்டிருக்கக் கூடுமென்பதை அநேகமாக அறியமாட்டார்கள்.

வீட்டுச் சாதனங்களுக்குப் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளே உண்டாகையால், வெளியிலிருந்து வலிய வரும் கோரிக்கையை யாரிடம் சேர்ப்பதென்று அறியாத ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். இன்ன எண்ணுக்கு வருவதை இன்ன சாதனத்துக்கு அனுப்பு என்று அதற்கு விதி எழுதிவைப்பதே போர்ட் ஃபார்வர்டிங். பொருத்த வருகிறவர் கேமராவின் உள்முகவரியை நிலைப்படுத்தி, 80, 554 என்று இரண்டு எண்களை எழுதி, படம் தெரிந்ததும் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார். விதி மட்டும் தங்கிவிடும். அது வீட்டுக்காரர், அந்நியர் என்று பேதம் பார்ப்பதில்லை.

இது வீண் பீதியன்று. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாமல் வெளியுலகுக்குத் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும், அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் பிரயோகித்தே மிராய் என்னும் நச்சுநிரல் வசப்படுத்திற்று. அப்படி வசப்பட்ட சாதனங்களின் சேனை 2016 அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியன பலருக்கு மணிக்கணக்கில் எட்டவில்லை.

ஆகவே, படம் தெரிந்ததோடு பொருத்துபவரின் கடமை தீர்ந்ததென்று நான் ஒப்பமாட்டேன். திறந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தந்து, வீட்டுக்காரரைக் கொண்டே பாஸ்வேர்டை மாற்றுவித்த பிறகே அவர் கூலி கேட்க வேண்டும். வயர்கார்டு போன்ற விபிஎன் அமைத்துக் கொடுப்பது இன்னும் உத்தமம். அதற்கும் ஒரு போர்ட் வேண்டுமெனினும், சாவியில்லாதவர் தட்டினால் அது பதிலே பேசாது.

சில இணைப்புகளில் போர்ட் ஃபார்வர்டிங் பலிப்பதுமில்லை. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் ஐபிவி4 இணைய முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டபடியால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கமுண்டு. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், எத்தனை விதி எழுதியும் பிரயோஜனமில்லை; கேமரா விற்பவர் இதை முன்னதாகவே பார்த்துச் சொல்லிவிடலாம்.

யாரும் எழுதாமலே விதி முளைப்பதும் உண்டு. யூபிஎன்பி என்ற வசதி இயங்கினால் கேமராவே ரவுட்டரிடம் கேட்டு வாசலைத் திறந்துகொள்ளும். முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான்.