கம்பு உருண்டைக்கு எதற்கு அணில் பொம்மை?

எங்கள் பக்கத்து விவசாயிகள் பதினெட்டு பேர் சேர்ந்து கம்பு, தினை உருண்டை பிடித்து விற்கிறோம். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் கடைகளில் ஓரளவுக்குப் போகுது. இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று ஒரு விளம்பரக்காரத் தம்பியை வரச் சொன்னோம். அவர் ஒரு தாளை நீட்டி, "சார், இதை நிரப்பிக் கொடுங்க. இதை வச்சுத்தான் எங்க வேலையே" என்றார். அதற்கு 'பிரீஃப்' என்று பெயராம். பொருள் என்ன, விலை என்ன, யாரிடம் விற்கணும்? மூன்றாவது கேள்விக்கு அவரே பென்சிலால் பதில் எழுதியிருந்தார்: 5 முதல் 12 வயது.

வங்கியில் ஆயுசு பூராவும் படிவத்தை நிரப்பச் சொல்லி ஜனங்களைப் படுத்தியவன் நான். அந்த ஒரு கட்டத்தில் எனக்குக் கை ஓடவில்லை.

தம்பியின் திட்டம் இதுதான். பாக்கெட்டில் நம்ம செண்பகத்தோப்பு சாம்பல் நிற அணில் சிரிக்கும். உள்ளே ஒரு அணில் ஸ்டிக்கர். பத்து சேர்த்தால் பரிசு. செல்போனில் ஓட ஒரு சின்னப் படம்: பையன் இட்லித் தட்டைத் தள்ளுகிறான், அம்மா நம் பாக்கெட்டைப் பிரிக்கிறாள், பையன் துள்ளிக் குதிக்கிறான். கடைசியில், 'அம்மாகிட்ட இப்பவே கேளு!'

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, பெரிய கம்பெனிக்காரன் பொம்மையக் காட்டித்தான பிள்ளைகள இழுக்கான். நாம நல்ல சாமானுக்கு அதே வேலையச் செஞ்சா என்ன தப்பு?" நியாயமான கேள்வி. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் அது தோன்றியிருக்கும்.

முதலில் சட்டம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வாங்கு, அப்பா அம்மாவிடம் கேட்டு வாங்கச் சொல் என்று குழந்தையிடம் நேராகச் சொல்லக்கூடாது. பரிசைக் காட்டித் தேவையில்லாமல் வாங்கத் தூண்டுவதையும் அது ஏற்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு வரும் இயற்கையான, பாரம்பரியமான உணவைவிட இந்தப் பொருள் மேல் என்ற எண்ணத்தை உண்டாக்கவும் கூடாது. கடைசி விதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் இட்லியை பாக்கெட் உணவிடமிருந்து காப்பாற்றப் போட்ட விதி. அதில் மாட்டப்போவது இயற்கை விவசாயி!

சட்டத்தை விடுங்கள். ஆறு வயசுப் பிள்ளைக்கு, விளம்பரம் தன்னை வாங்க வைக்கத்தான் பேசுகிறது என்பது சரியாகப் புரியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் வணிக விளம்பரத்துக்கு 1980லேயே தடை போட்டார்கள். நம் நாட்டிலும் 1992ஆம் வருஷச் சட்டப்படி கைக்குழந்தைக்கான பால் பவுடர், புட்டிப்பால் சமாச்சாரத்துக்கு விளம்பரமே கூடாது. அங்கே பேசாத பிள்ளை. இங்கே பேசுகிற பிள்ளை, அவ்வளவுதான்.

நானும் இதைச் செய்தவன்தான். எண்பதுகளில் எங்கள் கிளையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தகர உண்டியல் கொடுத்தோம். சேமிப்புப் பழக்கம் என்று வெளியே பேர். பிள்ளை பிடிவாதம் பிடித்தால் தகப்பன் கணக்கு ஆரம்பிப்பான் என்பதுதான் உள்கணக்கு. மில் வேலை முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்து, "பய விடமாட்டேங்கான் சார்" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்ட ஒருத்தர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தக் கணக்கில் அடுத்து ஒரு பைசாகூட ஏறவில்லை. எனக்கு அந்த மாத இலக்கு முடிந்தது.

இன்னொன்று, நம் ஆட்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லணும். தம்பி பாக்கெட்டில் 'சர்க்கரை இல்லை' என்று போட்டிருந்தார். எங்கள் உருண்டையில் 100 கிராமுக்கு 35 கிராம் வெல்லம். வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பது உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் இனிப்புக் கணக்கில் தேனே அடங்கும், வெல்லம் தப்பிக்குமா? போர்ன்விட்டா கதை நமக்குத் தெரியும். 2023ல் ஒரு இளைஞர் போட்ட வீடியோவில்தான் அதன் சர்க்கரை அளவு ஊர் வாயில் விழுந்தது. 2024 ஏப்ரலில் அதையும் அதைப் போன்ற பானங்களையும் 'ஆரோக்கிய பானம்' என்ற வகையிலிருந்து எடுக்கும்படி இணைய வணிகக் கம்பெனிகளுக்கு மத்திய அரசு சொன்னது. அன்றைக்கு நாம் எல்லோரும் கைதட்டினோம். அதே ஆள் நாளைக்கு நம் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டாரா?

தாளை நிரப்பித்தான் கொடுத்தேன். யாரிடம் விற்கணும்: வீட்டில் சமைக்கிறவர்கள், தாத்தா பாட்டிமார். முன்பக்கத்தில் என்ன வேணும்: கம்பு இத்தனை, வெல்லம் இத்தனை, விளைந்த ஊர். பரிசு: கிடையாது. பிள்ளைகளுக்கு: விளம்பரம் இல்லை, கதிர் முற்றும் சமயம் கம்பங்காட்டுக்கு வரலாம். வந்தால் கையில் கசக்கித் தின்னப் பச்சைக் கம்பு உண்டு, பாக்கெட் கிடையாது.

தம்பி படித்துவிட்டு, "விற்பனை மெதுவாத்தான் ஏறும் சார்" என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். அணில் படத்துக்குச் சிவகாசி அச்சகத்தில் முன்பணம் வேறு கொடுத்தாச்சு. பதினெட்டில் நாலு பேர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அடுத்த அமாவாசைக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடுகிறோம். அணில் ஜெயித்தால் உருண்டைக்குக் கம்பு கொடுப்பேன், பாக்கெட்டில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.