எழுபத்தைந்து வாக்குகள்

ஊரில் வாசிகசாலைக்கு ஓடு போட வீடு வீடாகக் காசு சேர்த்தவர்கள் நாங்கள். பத்து ரூபா தந்தவர் அடுத்த கூட்டத்துக்கும் வந்துவிடுவார். 2016 இல் அமெரிக்காவில், சனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் உட்கட்சிப் போட்டியில் பேர்ணி சான்டர்ஸ் நம்பியதும் இதைத்தான். சராசரி 27 டொலர் என்று சேர்த்த காசோடு நியூ ஹாம்சயரில் ஹிலாரி கிளின்டனை வென்றார். கடைசியில் தோற்றது வேறு கதை.

யேர்மனியில் சில கட்சிகள் தாங்களாகவே இப்படி உறுப்பினர்களைக் கேட்கின்றன. 2017 தை மாதம் பசுமைக் கட்சி முதன்மை வேட்பாளரைத் தெரிந்தபோது, துருக்கியக் குடும்பத்துப் பிள்ளையான செம் ஒஸ்டெமிருக்கு 12,204 வாக்குகள். றொபேர்ட் ஹாபெக்குக்கு 12,129. வித்தியாசம் 75! எங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கே அதைவிடக் கூடச் சனம் வருகிறது. தோற்ற ஹாபெக் அடுத்த வருடமே கட்சியின் இணைத்தலைவரானார்.

எங்களுக்கு இதில் என்ன? பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க யேர்மன் கடவுச்சீட்டு வேண்டும். கட்சியில் சேர அதைச் சட்டம் கேட்பதில்லை. வெளிநாட்டவர் பெரும்பான்மையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். (கட்சிக்குக் கட்சி விதி வேறுபடும்.) 2018 இல் அரசில் சேர்வதா என்று சமூக சனநாயகக் கட்சி கேட்டபோது கடவுச்சீட்டில்லாத உறுப்பினர்களும் வாக்களித்தார்கள். சந்தாவுக்கும் பலம் உண்டு: ஒருவர் வருடத்தில் தரும் 3,300 யூரோ வரை, ஒவ்வொரு யூரோவுக்கும் அரசு 45 சதம் கட்சிக்குச் சேர்த்துக் கொடுக்கிறது, மொத்த உச்சவரம்புக்கு உட்பட்டு.

கட்சி என்றாலே எங்களில் பலருக்குப் பயம். காரணம் சொல்லத் தேவையில்லை. இங்கே ஊர்க்கிளைக் கூட்டம் பலவேளை உணவகப் பின்னறையில்தான் நடக்கிறது. முதலில் ஒரு கோப்பியோடு சும்மா இருந்து கேட்டுவிட்டு வரலாம்.