எடை குறைந்தது, நேரம் கூடியது!

யூடியூப் கம்பெனியில் ஒரு வேடிக்கை நடந்தது.

வீடியோ காட்டும் இணையப் பக்கம் மிகவும் கனமாகி விட்டது. அதன் எடை 1.2 மெகாபைட் வரை போயிற்று. எடை என்றால் தராசு எடை அல்ல. பார்ப்பவரிடம் வந்து சேர வேண்டிய சரக்கின் அளவு. இத்தனையும் வந்த பிறகே வீடியோ ஓடத் தொடங்கும்!

கிறிஸ் சக்காரியாஸ் என்ற என்ஜினீயர் எடையைக் குறைக்கும் வேலையில் இறங்கினார். வேண்டாததை எல்லாம் தூக்கி எறிந்தார். பக்கம் 98 கிலோபைட்டாகச் சுருங்கியது. பழைய எடையில் சுமார் 12-ல் ஒரு பங்கு.

புதிய பக்கத்தை முதலில் சிலருக்கு மட்டும் விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு வந்தது. பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறையவில்லை. கூடி இருந்தது!

என்ஜினீயர் திகைத்தார். எந்த எந்த நாட்டில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். மர்மம் விளங்கியது.

20 நிமிடம்!

தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியாவின் மூலை முடுக்கு... அங்கே இணைய வேகம் மிகக் குறைவு. இலேசான பக்கம் திறக்கவே 2 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அப்படி என்றால், பழைய பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். யார் காத்திருப்பார்கள்? அதனால் அவர்கள் எட்டிப் பார்க்கவே இல்லை. 2 நிமிடம் என்றதும் வந்தார்கள். அந்த 2 நிமிடமும் கணக்கில் சேர்ந்தது. சராசரி ஏறிவிட்டது. சக்காரியாஸ் இதை 2012-ல் எழுதினார்.

கனமான பக்கம் ஏழையை வாசலிலேயே நிறுத்தி விடுகிறது. அவர் வந்து திரும்பிப் போனது கூட உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

இன்று இணைய வேகம் கூடி விட்டது. ஆனால் பக்கங்களும் கொழுத்து விட்டன. விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பக்கம் செய்கிறவருக்கு அந்தக் கனம் தெரிவது இல்லை. மலிவான போனில், காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

எடையைக் குறைப்பது கடினமா? இல்லை.

படத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். போனில் எடுத்த போட்டோ ஒன்று 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம் இருக்கிறது. மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். போன் திரையில் அதைக் காட்ட 800 அகலம், 600 உயரம் தாராளம். அது 4 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிதான். 25-ல் ஒரு பங்கு! மீதி 24 பங்கும் தண்டம். அந்தத் தண்டத்துக்கும் பார்ப்பவர்தான் காசு கொடுக்கிறார்.

பக்கத்தின் அடியில் உள்ள படத்தை முதலிலேயே அனுப்ப வேண்டியதும் இல்லை. படிப்பவர் அங்கே இறங்கி வரும்போது அனுப்பினால் போதும். இதற்கு ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்தால், பிரவுசரே பார்த்துக் கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. பக்கத்தை ஆட்டி வைக்கும் புரோகிராம் அது. படத்தை விட இதுதான் பொல்லாதது. படம் வந்தால் காட்டினால் முடிந்தது. இதைப் போன் படித்துப் புரிந்துகொண்டு, வேலையும் செய்ய வேண்டும். மலிவான போன் திணறும். அதுவரை விரலால் அழுத்தினாலும் திரை அசையாது. பழி போன் மீது விழுகிறது. குற்றம் பக்கத்தைச் செய்தவருடையது. எழுத்து முதலில், ஜாவாஸ்கிரிப்ட் பிறகு என்று வைத்தால் பெரும் தொல்லை தீரும்.

இன்னொரு கொடுமை! படித்துக்கொண்டு இருக்கும்போதே வரிகள் கீழே குதிக்கும். நடுவில் விளம்பரம் நுழையும். எதையோ தொடப் போன விரல் விளம்பரத்தைத் தொட்டு விடும். முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்தால் இது நடக்காது. சிலர் வேண்டும் என்றே ஒதுக்குவது இல்லையோ, என்னவோ!

"விளம்பரம் போட்டால்தானே வருமானம்?" என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால், இலை போடுவதற்கு முன்பே பில்லை நீட்டலாமா?

2015-ல் பேஸ்புக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் வரும் ஊழியர்களிடம், "ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் பார்க்கிறீர்களா?" என்று கேட்டது. கட்டாயம் இல்லை. விரும்பியவர்கள் பார்த்தார்கள்.

பக்கம் செய்யும் எல்லா அலுவலகங்களிலும் இதை வைக்கலாம். கட்டாயமாகவே வைக்கலாம். ஒரு மணி நேரம் போதாது. ஒரு நாள் முழுவதும் வேண்டும். சம்பளம் வந்துவிட்டதா என்று போனில் பார்க்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது.